40 மெகா பிக்ஸெல், ஒரே லென்ஸ்: இந்தக் கேமரா யாருக்கு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்ததாகக் கேட்பது பெரும்பாலும் கேமராவைப் பற்றித்தான். "வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நல்ல கேமரா ஒன்று வாங்கி, படங்களை எல்லாம் அதில் சேர்த்து வைக்கலாம் என்றிருக்கிறோம். எத்தனை மெகா பிக்ஸெல் வாங்கலாம்?" என்கிறார்கள். ஆர்வம் நல்லதுதான். ஆனால் கேமரா வாங்கும்போது மெகா பிக்ஸெல் என்பது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. அதை முதலில் கேட்பதால்தான் பலர் தேவைக்கு மேல் செலவு செய்கிறார்கள். வேறு சிலர் ஏமாந்தும் போகிறார்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்தபோது பியூஜிபிலிம் எக்ஸ்100விஐ என்ற கேமராவைக் கொண்டு வந்திருந்தார். (பெயரின் கடைசியில் வரும் விஐ என்பது ரோமன் எண்ணில் 6.) அதை நான்கு நாட்கள் என்னிடம் கொடுத்தார். புதுக்கோட்டை மாவட்டத்தில் குடுமியான்மலை, சித்தன்னவாசல், திருமயம், விராலிமலை என்று சுற்றிப் படமெடுத்துப் பார்த்தேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமரா அருமையானது. ஆனால் 40 மெகா பிக்ஸெல் என்ற ஒரு காரணத்துக்காக இதை வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

பிக்ஸட் லென்ஸ்: ஒரு சொல், மூன்று பொருள்

விளம்பரங்களில் பிக்ஸட் லென்ஸ் என்ற சொல் மூன்று வெவ்வேறு பொருளில் வருகிறது. முதலாவது, கழற்றி மாற்ற முடியாத லென்ஸ். ஜூம் வசதி உள்ள சாதாரண காம்பாக்ட் கேமராவின் லென்ஸும் இந்த வகைதான். இரண்டாவது, ஜூம் இல்லாத லென்ஸ். அருகில் காட்டவோ தொலைவில் காட்டவோ இதில் வழியில்லை. ஒரே கோணம்தான். மூன்றாவது, பிக்ஸட் போகஸ், அதாவது தூரத்துக்கு ஏற்பப் போகஸ் செய்யும் அமைப்பே இல்லாத லென்ஸ். விலை குறைந்த பொம்மைக் கேமராக்களில் இருப்பது இதுதான்.

எக்ஸ்100விஐ முதல் இரண்டும் சேர்ந்தது. லென்ஸைக் கழற்ற முடியாது, ஜூமும் கிடையாது. ஆனால் ஆட்டோ போகஸ் உண்டு. ஐந்தாயிரம் ரூபாய்க் கேமராவும் இதுவும் "ஹை ரெசல்யூஷன், பிக்ஸட் லென்ஸ், காம்பாக்ட்" என்ற ஒரே வரியில் விற்கப்படலாம். எனவே அந்த வரியை மட்டும் படித்துவிட்டு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

கேமராவில் என்ன இருக்கிறது?

இந்த வரிசையின் முதல் மாடலான எக்ஸ்100, 2010-ல் அறிவிக்கப்பட்டு 2011-ல் விற்பனைக்கு வந்தது. அதில் 12.3 மெகா பிக்ஸெல். 2024 பிப்ரவரியில் வந்த ஆறாவது மாடலில் 40.2 மெகா பிக்ஸெல். லென்ஸ் 23 மிமீ, எப்/2. பழைய பிலிம் கேமரா கணக்கில் சொன்னால் 35 மிமீ லென்ஸுக்குச் சமம். நம் வீட்டுக் கூடத்தில் நின்றால், எதிரே சோபாவில் உட்கார்ந்திருக்கும் நான்கைந்து பேர் அடங்கும் கோணம் இது. எடை பேட்டரியுடன் 521 கிராம். சென்சார் ஏபிஎஸ்-சி அளவு, அதாவது ஏறத்தாழ 23.5 மிமீக்கு 15.6 மிமீ. இந்த வரிசையில் முதல் முறையாக, கை நடுங்கினாலும் சென்சாரே நகர்ந்து ஈடு செய்யும் ஸ்டெபிலைசேஷன் வசதியும் இதில் சேர்ந்தது.

வெளியானபோது அமெரிக்காவில் இதன் விலை 1,599 டாலர். இந்தியாவில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். இதே வகையில் இதைவிட விலை கூடியவையும் உண்டு. 60 மெகா பிக்ஸெல் லைக்கா க்யூ3 2023-லும், 61 மெகா பிக்ஸெல் சோனி ஆர்எக்ஸ்1ஆர் மூன்றாம் மாடல் 2025-லும் வந்தன. பியூஜிபிலிமே 2025-ல் 102 மெகா பிக்ஸெல் கொண்ட ஜிஎப்எக்ஸ்100ஆர்எப் என்ற கேமராவை வெளியிட்டது. இவை அனைத்திலும் ஒரே லென்ஸ்தான், ஜூம் இல்லை.

மெகா பிக்ஸெல் கணக்கு

ஒரு மெகா பிக்ஸெல் என்பது பத்து லட்சம் புள்ளிகள். இந்தக் கேமரா எடுக்கும் படம் அகலத்தில் 7,728 புள்ளிகளும் உயரத்தில் 5,152 புள்ளிகளும் கொண்டது. இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட நான்கு கோடி.

இதை நாம் எதில் பார்க்கப் போகிறோம்? உங்கள் மானிட்டர் புல் ஹெச்டி என்றால் அதில் இருப்பதே 1920 x 1080, அதாவது சுமார் 2 மெகா பிக்ஸெல். 4கே டிவி என்றால் சுமார் 8 மெகா பிக்ஸெல். ஸ்டுடியோவில் 4 x 6 அங்குல பிரிண்ட் போட, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில், 2 மெகா பிக்ஸெலுக்குச் சற்று மேல் போதும். ஏ4 அளவு முழுத் தாளுக்குக்கூட 9 மெகா பிக்ஸெலுக்குள் முடிந்துவிடும். 40 மெகா பிக்ஸெல் முழுவதும் பயன்பட வேண்டுமானால் 25 அங்குலத்துக்கு 17 அங்குலம் என்ற அளவில் பிரிண்ட் போட வேண்டும். நம்மில் எத்தனை பேர் ஆண்டுக்கு ஒரு முறையாவது அப்படிப் போடுகிறோம்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கடையில் இதை யாரும் சொல்வதில்லை. 10 மெகா பிக்ஸெலில் இருந்து 40-க்குப் போனால் படம் நான்கு மடங்கு தெளிவாகிவிடாது. நீளத்தில் இரண்டு மடங்கு, அகலத்தில் இரண்டு மடங்கு, பெருக்கினால் நான்கு. கண்ணுக்குத் தெரியும் நுணுக்கம் இரண்டு மடங்குதான் கூடுகிறது. அதே இரண்டு மடங்கைப் பெற இன்னொரு வழி உண்டு. படமெடுக்கும் பொருளுக்குப் பாதித் தூரம் நெருங்கிப் போவது. அதற்குச் செலவு எதுவும் இல்லை.

குடுமியான்மலையில் ஒரு கணக்கு

புதுக்கோட்டையில் இருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கிறது குடுமியான்மலை. அங்கே குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. 7 அல்லது 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரந்த எழுத்தில், ஏழு பிரிவுகளாகச் சுரக் குறிப்புகள் வெட்டப்பட்டிருக்கின்றன. இது சுமார் 13 அடிக்கு 14 அடி பரப்பில் அமைந்தது. ஹை ரெசல்யூஷன் கேமராவைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் நம் மாவட்டத்தில் இல்லை.

குறுகிய பக்கமான 13 அடியைப் படத்தின் உயரத்துக்குள் அடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்த லென்ஸுக்குச் சுமார் 19 அடி தள்ளி நிற்க வேண்டும். அப்போது 13 அடிக்கு 5,152 புள்ளிகள், அதாவது அங்குலத்துக்கு 33 புள்ளிகள் கிடைக்கும். 12 மெகா பிக்ஸெல் படம் எடுக்கும் ஒரு மொபைல் போனில் உயரத்துக்கு 3,024 புள்ளிகள். அதில் அங்குலத்துக்கு 19 புள்ளிகள்தான். ஓர் அங்குல எழுத்து 33 புள்ளிகளில் விழுவதற்கும் 19 புள்ளிகளில் விழுவதற்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஒரே படத்தில் கேமராவுக்குத்தான் வெற்றி.

ஆனால் மொபைல் போனுடன் அருகில் போய், கல்வெட்டை நான்கு பகுதிகளாக, ஒன்றின் ஓரம் இன்னொன்றில் கொஞ்சம் படியும்படி எடுங்கள். அங்குலத்துக்கு 33 புள்ளி என்ற அளவை அதுவும் நெருங்கிவிடும். நான்கு படங்களையும் ஒட்ட வைத்து ஒரே படமாக்கும் வேலையைக் கம்ப்யூட்டரில் இலவச புரோகிராம்களே செய்து கொடுக்கின்றன. ஒன்றரை லட்ச ரூபாயின் வேலையில் பெரும் பகுதியை மூன்று கிளிக்குகள் அதிகம் செய்து முடித்துவிட்டோம்.

இதையும்விட முக்கியமானது வெளிச்சம். தேய்ந்துபோன கல்லெழுத்தில் பள்ளம் மிகக் குறைவு. நேர் எதிரே இருந்து வெளிச்சம் விழுந்தால் பள்ளமும் மேடும் ஒரே நிறமாகத் தெரியும். எத்தனை மெகா பிக்ஸெல் இருந்தாலும் எழுத்து புலப்படாது. பக்கவாட்டில் இருந்து சாய்வாக வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து எழுத்து எடுப்பாகத் தெரியும். காலை, மாலை வெயிலுக்காகக் காத்திருக்கலாம். அல்லது பணியில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டு, துணைக்கு வந்தவரை ஓர் எல்இடி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லலாம். எழுத்தில் சாக்பீஸ் தேய்ப்பது, எண்ணெய் தடவுவது போன்ற வேலைகளை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்ற கல்வெட்டுக்கு நம்மால் கேடு வர வேண்டாம்.

மொபைல் போனை நம்பலாமா?

அப்படியானால் மொபைலே போதுமா என்று கேட்பீர்கள். இங்கேதான் கேமராவுக்குச் சாதகமான ஒரு வாதம் இருக்கிறது. விளம்பரத்தில் 50 மெகா பிக்ஸெல், 200 மெகா பிக்ஸெல் என்று போட்டிருந்தாலும் அத்தகைய போன்கள் வழக்கமாகப் பல புள்ளிகளைச் சேர்த்து ஒரு புள்ளியாக்கி, சுமார் 12 மெகா பிக்ஸெல் படத்தைத்தான் சேமிக்கின்றன. அதில் தவறில்லை. ஆனால் போன் அத்துடன் நிற்பதில்லை. படத்தை மழுப்புகிறது, ஓரங்களைக் கூர்மையாக்குகிறது, சில சமயம் இல்லாத நுணுக்கத்தையும் சேர்க்கிறது.

2023 மார்ச்சில் ஒருவர் நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, மானிட்டரில் காட்டி, சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ரா போனால் படமெடுத்தார். மானிட்டரில் இல்லாத பள்ளங்கள் போன் எடுத்த படத்தில் தெரிந்தன. நிலவை அடையாளம் கண்டு, செயற்கை நுண்ணறிவு மூலம் அதன் விவரங்களை மேம்படுத்துவதாகச் சாம்சங் நிறுவனம் விளக்கம் தந்தது. நிலவுப் படத்தில் இது வேடிக்கை. தேய்ந்த கல்லெழுத்திலும், மங்கிய பழைய பத்திரத்திலும் இப்படி ஒரு கோடு கூடினாலும் பொருளே மாறிவிடும். எனவே ஆவணமாகப் பாதுகாக்க நினைக்கும் படங்களை ரா பைலாக எடுப்பது நல்லது. சென்சார் பதிவு செய்ததை மெருகு ஏற்றாமல் தருவதுதான் ரா பைல். எக்ஸ்100விஐ அதைத் தருகிறது. சில மொபைல் போன்களிலும் ப்ரோ மோட் போனால் ரா கிடைக்கும். உங்கள் போனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சித்தன்னவாசல்: கேமராவின் பலமும் பலவீனமும்

சித்தன்னவாசல் அறிவர் கோயில் ஓவியங்கள் 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. விதானத்தில் தாமரைக் குளம். அதில் மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள். பல இடங்களில் நிறம் மங்கியும் சாந்து உதிர்ந்தும் போயிருக்கிறது. குகைக்குள் வெளிச்சம் குறைவு. பிளாஷ் போடக்கூடாது, பழைய நிறங்களுக்கு அது நல்லதல்ல. டிரைபாட் நிறுத்த வேண்டுமானால் தொல்லியல் துறையிடம் தனி அனுமதி வேண்டும். படமெடுக்கும் முன்பு எதற்கும் பணியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட மங்கிய மண்டபங்களில்தான் எக்ஸ்100விஐயின் உண்மையான பெருமை தெரிகிறது. எப்/2 லென்ஸ் நிறைய வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. பெரிய சென்சார் அதை வாங்கிக்கொள்கிறது. ஸ்டெபிலைசேஷன் கை நடுக்கத்தைத் தாங்குகிறது. கால் நொடி வரை ஷட்டரைத் திறந்து வைத்தும் எனக்கு ஆட்டம் தெரியாத படங்கள் கிடைத்தன. இந்த மூன்றும்தான் நீங்கள் கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் பொருள். 40 மெகா பிக்ஸெல் இந்த மூன்றுக்கும் பின்னால் வருகிறது. ஒரு மெகா பிக்ஸெல் கூடக் கூடாமல், 12 மெகா பிக்ஸெலிலேயே இந்த மூன்றும் இருந்திருந்தால்கூட அந்தக் குகைக்குள் இது நல்ல கேமராவாகவே இருந்திருக்கும்.

பலவீனமும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. அந்த மண்டபத்தின் உயரம் சுமார் 8 அடி. கேமராவை 5 அடி உயரத்தில் பிடித்தால் விதானத்துக்கு 3 அடி இடைவெளி. இந்த லென்ஸ் அங்கிருந்து காட்டுவது சுமார் 3 அடிக்கு 2 அடி பரப்பு மட்டுமே. "ஜூம் இல்லாவிட்டால் என்ன, நாமே முன்னும் பின்னும் நடந்துகொள்ளலாம்" என்று ஒற்றை லென்ஸ் ரசிகர்கள் சொல்வார்கள். குகையில் பின்னால் நடந்தால் பாறைதான் இருக்கிறது. தாமரைக் குளத்தைப் பரவலாகக் காட்ட, அல்ட்ரா வைட் லென்ஸ் உள்ள சாதாரண மொபைல் போனே மேல்.

விராலிமலை மயிலும் தச்சங்குறிச்சிக் காளையும்

விராலிமலை மயில்களுக்குப் பெயர் பெற்ற ஊர். மரத்தில் தொலைவில் இருக்கும் மயில், 35 மிமீ லென்ஸில் ஒரு நீலப் புள்ளியாகத்தான் விழுகிறது. இந்தக் கேமராவில் டிஜிட்டல் டெலி கன்வர்ட்டர் என்று 50 மிமீ, 70 மிமீ வசதி உண்டு. அது உண்மையான ஜூம் இல்லை. படத்தின் நடுப் பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது. 50 மிமீ என்றால் 20 மெகா பிக்ஸெலும், 70 மிமீ என்றால் 10 மெகா பிக்ஸெலும் மிஞ்சும். 10 மெகா பிக்ஸெல் ஏ4 பிரிண்டுக்குப் போதும் என்று மேலே பார்த்தோம். ஆகவே 40 மெகா பிக்ஸெலுக்கு நியாயமான பயன் ஒன்று உண்டு என்றால் அது இப்படி வெட்டிக்கொள்ளும் வசதிதான். ஆனால் மயிலைப் பிடிக்க 70 மிமீயும் போதாது. 300 மிமீயாவது வேண்டும்.

தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டில் கேலரியில் உட்கார்ந்து காளையைப் படமெடுக்க ஆசைப்படுபவர்களுக்கும், பள்ளி ஆண்டு விழாவில் கடைசி வரிசையில் இருந்து மேடையில் ஆடும் பிள்ளையைப் படமெடுக்க வேண்டிய பெற்றோருக்கும் இதே பதில்தான். உங்களுக்கு வேண்டியது ஜூம். அந்த வகையில், விலை இதில் பாதிகூட இல்லாத கேமராக்கள் உங்களுக்கு இதைவிட நன்றாக உழைக்கும்.

இந்தக் கேமரா எதில் மகிழ்விக்கிறது? திருமயம் கோட்டையின் மதிலும் பாறையும், சந்தைக் கடை, தேர் இழுக்கும் கூட்டம், வீட்டுத் திண்ணையில் பாட்டி, தவழும் குழந்தை ஆகியவற்றில். பத்தடிக்குள் நடக்கும் வாழ்க்கைக்கு இந்த லென்ஸ் அழகாகப் பொருந்துகிறது.

உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா?

இது கேமரா விளம்பரத்தில் வராத செலவு. இந்தக் கேமராவில் சுருக்காத ரா பைல் ஒன்று சுமார் 80 எம்பி. 64 ஜிபி மெமரி கார்டில் 800 படங்கள்தான் கொள்ளும். ஒரு திருமணத்தில் 500 படம் எடுத்தால் 40 ஜிபி. பழைய யுஎஸ்பி 2 கார்டு ரீடரில், நொடிக்கு 30 எம்பி என்று வைத்தாலும், அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற 20 நிமிடங்களுக்கு மேல் ஆகும்.

ஜேபெக் பைல் வட்டில் சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் திறந்தவுடன் விரிந்துவிடும். நான்கு கோடி புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறங்களுக்கு மூன்று பைட் என்றால், ஒரு படத்துக்கு மெமரியில் கிட்டத்தட்ட 120 எம்பி இடம் வேண்டும். லேயர் போட்டு எடிட் செய்யும்போது ஒவ்வொரு லேயருக்கும் ஏறக்குறைய இவ்வளவு. 4 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர் இதில் திணறும். 16 ஜிபி ராமும் எஸ்எஸ்டி டிரைவும் இருந்தால் வேலை நன்றாக நடக்கும்.

பேக்அப் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டத்தை எப்படிப் புரட்டிப் போட்டது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். கூரை போனால், தண்ணீர் புகுந்தால், ஒரே மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரும் வெளி ஹார்ட் டிஸ்க்கும் ஒன்றாகவே போகும். படங்களின் ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்க்கில், இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலோ ஆன்லைன் சேமிப்பிலோ இருக்கட்டும். 40 மெகா பிக்ஸெலில் எடுத்துத் தொலைத்த படத்தைவிட, 8 மெகா பிக்ஸெலில் எடுத்துக் காப்பாற்றிய படம் உயர்ந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பியதே போதும் என்று விட்டுவிடாதீர்கள். வழக்கமான முறையில் அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடுகிறது. டாகுமெண்ட் என்ற பிரிவில் இணைத்து அனுப்பினால்தான் அப்படியே போய்ச் சேரும்.

மலிவான 48 மெகா பிக்ஸெல் எச்சரிக்கை

ஒன்றரை லட்சம் என்றதும், "ஆன்லைனில் ஐந்தாயிரத்துக்கே 48 மெகா பிக்ஸெல் கிடைக்கிறதே" என்று சிலர் சொல்லக்கூடும். பெயர் தெரியாத இந்தக் கேமராக்கள் பலவற்றில் சிறிய சென்சாரும் பிக்ஸட் போகஸ் லென்ஸும்தான் இருக்கின்றன. உள்ளே பதிவாகும் குறைந்த புள்ளிகளைச் சாப்ட்வேர் மூலம் ஊதிப் பெரிதாக்கி 48 என்று காட்டுகிறார்கள். பாலில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுவது போலத்தான். சென்சாரின் அளவு என்ன என்று பாருங்கள். அதைச் சொல்லாத விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

எந்தக் கேமராவாக இருந்தாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்திடுங்கள். கம்ப்யூட்டர் இருந்தால் போதும்.

1. தமிழ் நாளிதழ் ஒன்றின் முழுப் பக்கத்தைச் சுருக்கம் இல்லாமல் சுவரில் ஒட்டுங்கள். ஜன்னல் வெளிச்சம் சீராக விழட்டும்.

2. பக்கம் முழுவதும் அடங்கும் தூரத்தில் நேராக நின்று, கேமராவில் உள்ள மிக உயர்ந்த ரெசல்யூஷனில் படமெடுங்கள்.

3. படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து 100 சதவீத அளவில் பாருங்கள். நடுவிலும் நான்கு மூலைகளிலும் மெய்யெழுத்துகளின் தலையில் உள்ள புள்ளி தெரிகிறதா? நடுவில் தெரிந்து மூலைகளில் கரைந்து போனால் லென்ஸ் சுமார்தான்.

4. பைலின் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், பிறகு டீடெய்ல்ஸ் செல்லுங்கள். படத்தின் அகலம், உயரம், ஷட்டர் நேரம், ஐஎஸ்ஓ ஆகியவை அங்கே இருக்கும். பெட்டியில் சொன்னதுடன் ஒத்துப் பாருங்கள்.

5. அடுத்து, பெயின்ட் புரோகிராமில் படத்தின் பிரதி ஒன்றைத் திறந்து, ரீசைஸ் மூலம் 50 சதவீதமாகச் சுருக்கிச் சேமியுங்கள். மீண்டும் அதை 200 சதவீதமாகப் பெரிதாக்குங்கள். முதல் படத்துடன் ஒப்பிடும்போது வித்தியாசமே தெரியவில்லை என்றால், அந்தக் கேமராவின் மெகா பிக்ஸெலில் முக்கால் பங்கு வெறும் காற்று.

6. இதே பக்கத்தை இரவில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள். நல்ல கேமராவும் சுமாரான கேமராவும் அங்கேதான் பிரியும்.

முடிவாக

எக்ஸ்100விஐ யாருக்கு? தினமும் கேமராவுடன் வெளியே போகிறவர்கள், மங்கிய வெளிச்சத்தில் பிளாஷ் இல்லாமல் மனிதர்களையும் கோயில் மண்டபங்களையும் எடுப்பவர்கள், ஜூம் இல்லாததைக் குறையாக நினைக்காதவர்கள், ஏற்கெனவே ஒரு கேமராவில் பழகி இதன் அருமை தெரிந்தவர்கள். இவர்கள் பணம் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். வெளிநாட்டில் இருந்து வரவழைப்பதாக இருந்தால், அந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா, சுங்க வரி எவ்வளவு என்பதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல் கம்ப்யூட்டரும் முதல் கேமராவும் ஒரே ஆண்டில் வாங்கும் குடும்பத்துக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து. கையில் இருக்கும் மொபைல் போனைப் பக்கவாட்டு வெளிச்சத்தில், பாதித் தூரம் நெருங்கி, பகுதி பகுதியாக எடுத்துப் பழகுங்கள். கம்ப்யூட்டரில் ராம் கூட்டுங்கள், ஓர் எஸ்எஸ்டி போடுங்கள், பேக்அப்புக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். இவ்வளவுக்கும் இந்தக் கேமராவின் விலையில் ஒரு பகுதிதான் ஆகும். பிறகு இந்த ஞாயிற்றுக்கிழமையே பீரோவில் இருக்கும் தாத்தா காலத்துப் பத்திரங்கள், திருமண ஆல்பம், ஜாதக நோட்டு ஆகியவற்றை ஜன்னலோரம் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, தேதியும் ஊரும் போட்ட போல்டர்களில் சேர்த்து வையுங்கள். அடுத்த ஆண்டு இன்னும் நல்ல கேமரா இதைவிடக் குறைந்த விலையில் வரலாம். பூச்சி அரிக்கும் அந்தக் காகிதங்கள் அதுவரை காத்திருக்காது.